மாநகராட்சி மன்றம், துணை விதி, மாஸ்டர் பிளான்: எங்க தெருவுல திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நான் வக்கீலும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. சென்னைய ஒட்டின ஒரு ஊர்ல குடியிருப்போர் சங்கத்துக்கு செயலாளரா மாட்டிக்கிட்ட ஆளு, மாட்டிக்கிட்டதுன்னா அன்னிக்கு மீட்டிங்குக்கு அரை மணி நேரம் லேட்டா போனேன், போறதுக்குள்ள என் பேரை எழுதிட்டாங்க. ஏழெட்டு வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினதுல தெரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன். உதாரணம் நிறைய சென்னை மாநகராட்சில இருந்து வரும், அதைப் பத்திதான் பேப்பர்ல தினமும் வருது, ஆனா சட்டம் தமிழ்நாடு முழுக்க கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அமெரிக்காவுல இருக்கிற என் பையன் "எங்க சிட்டி கவுன்சில் ஆர்டினன்ஸ் போட்டுச்சு"ங்குறான். நம்ம மாநகராட்சியும் ஆர்டினன்ஸ் போடுமா சார்?

போடாது. நம்ம ஊர்ல ஆர்டினன்ஸ்னா அவசரச் சட்டம், சட்டசபை நடக்காத நேரத்துல கவர்னர் பேர்ல வர்றது. 2003ல எல்லா கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு வச்சே ஆகணும்னு வந்துச்சே, ஆகஸ்ட் 31க்குள்ள முடிக்கலைன்னா தண்ணி கனெக்‌ஷனை வெட்டுவோம்னு சொல்லி ஊரே குழி தோண்டுச்சே, அது அப்படி வந்த அவசரச் சட்டம்தான், மாநில அரசு போட்டு மாநகராட்சி சட்டத்தையே திருத்துனாங்க. இலங்கைத் தமிழர்கிட்ட கேட்டா வேற மாதிரி சொல்வாங்க, அங்க 1947ல வந்த மாநகர சபைகள் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அந்த "கட்டளைச் சட்டம்" ஒரு முழுச் சட்டத்தோட பேர். ஆக ஒரே இங்கிலீஷ் வார்த்தை, மூணு ஊர்ல மூணு அர்த்தம்.

உங்க பையன் சொல்றதுக்கு நம்ம ஊர்ல நேரான சொல் துணை விதி, ஆபீஸ்ல பைலான்னே சொல்லுவாங்க. ஒரு அடுக்கு மாதிரி நினைச்சுக்கங்க, மேல சட்டசபை போட்ட சட்டம், அதுக்குக் கீழ அரசு போட்ட விதிகள், அதுக்குக் கீழ மன்றம் எழுதி அரசு ஒப்புதல் வாங்கின துணை விதி, கடைசியா மன்றத்தோட தீர்மானம். கீழ இருக்கிறது மேல இருக்கிறதை மீறக்கூடாது. சென்னைக்குன்னு 1919ல போட்ட ஒரு சட்டம் நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, இப்ப எல்லா ஊருக்கும் சேத்து 1998ம் வருஷத்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதுக்கான விதிகள் 2023ல வந்த பிறகுதான் அது முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் அலமாரில தூங்கின சட்டம், ஃபைல் நகர மாட்டேங்குதுன்னு நாம புலம்புறோம்!

மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா?

மேடையில மேயர், மேசையில கமிஷனர். மேயரை நாம நேரா தேர்ந்தெடுக்கல, கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க, சென்னையில 2022 மார்ச்ல பிரியா அவங்க மேயரானது அப்படித்தான், 200 வார்டு கவுன்சிலர் உள்ள மன்றம். மன்றம் முடிவு பண்ணும், செய்யிற அதிகாரம் கமிஷனர்கிட்ட, அவரு ஐஏஎஸ், அவரை அனுப்புறதும் மாத்துறதும் மாநில அரசு. மன்றத்துக்குப் போற ஒவ்வொரு பொருளும் கமிஷனர் ஆபீஸ்ல இருந்துதான் தயாராகி வரும். அதோட மன்றம் போட்ட தீர்மானம் சட்டத்துக்கு விரோதம்னு பட்டா அதை நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் அரசுக்கு அதிகாரம் இருக்கு.

ஒண்ணு சொல்லணும், இந்த "யாரு பெரியவர்" கேள்விய விட "ஃபைலை எழுதுறவர் யாரு"ங்கிற கேள்விதான் உங்களுக்கு உபயோகம். உங்க தெரு சாக்கடை விஷயத்துல அது ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர். அவர் எழுதுற எஸ்டிமேட்ல உங்க தெரு பேர் இல்லைன்னா மேயரே நேர்ல வந்தாலும் அந்த வருஷம் நடக்காது.

மன்றக் கூட்டத்துல நிஜமாவே என்ன நடக்கும்? டிவில காட்டுறதெல்லாம் வெளிநடப்புதான்.

தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் இரங்கல் தீர்மானம் இருந்தா அது, கேள்வி நேரம், நேரமில்லா நேரம், கடைசியா பொருட்கள். கேள்வி நேரத்துல கவுன்சிலர்கள் அவங்க வார்டு பிரச்சினைய பேசுவாங்க, பேசுறதுக்கு முன்னாடி தலைவருக்கு நன்றி, தளபதிக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, யாரு ஆட்சியோ அவங்களுக்கு நன்றின்னு கொஞ்ச நேரம் ஓடும், அதுக்கப்புறம்தான் பாதாள சாக்கடை வரும்.

பொருள் நேரம்தான் நிஜமான வேலை, அங்கதான் யாரும் பாக்க மாட்டாங்க. அஜெண்டா புத்தகம் ஒண்ணு குடுப்பாங்க. அதுல ஒவ்வொண்ணும் இந்த மாதிரி இருக்கும்: பொருள் எண், துறை, "மேற்காணும் பணிக்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது". நம்பரைப் படிப்பாங்க, மேசையத் தட்டுவாங்க, முடிஞ்சது. ஒரே உட்கார்ச்சில எழுபது எண்பது பொருள் போறது சாதாரணம், ஒரு பொருளுக்கு ஒரு நிமிஷம்கூட கிடையாது.

அந்த அஜெண்டாவுல ஒரு வார்த்தைய மட்டும் கண்டுபிடிக்கக் கத்துக்கங்க: "பின்னேற்பு". அதாவது வேலை ஏற்கனவே நடந்துடுச்சு இல்லைன்னா காசு ஏற்கனவே செலவாயிடுச்சு, இப்ப மன்றம் ஆமான்னு சொன்னா போதும்னு அர்த்தம். வெள்ளம் வந்தப்போ அவசரமா மோட்டார் வாடகைக்கு எடுத்தா பின்னேற்பு நியாயம்தான், யாரும் குறை சொல்லல. ஆனா நான் முதல்முதல்ல ஒரு அஜெண்டாவ உக்காந்து படிச்சப்போ பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டே வந்தேன், பாதிலயே பென்சில் முனை போச்சு.

அதனாலதான் சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்றது, மன்றத்துக்கு ஒரு விஷயம் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டு ஓடுறது, சாப்பாடு பரிமாறின பிறகு உப்பு கம்மின்னு அடுப்படிக்கு ஓடுற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரு வாசல் இருக்கு, அதை கீழ சொல்றேன்.

சரி, ஒரு துணை விதி எப்படி உருவாகுது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

குப்பையவே எடுத்துப்போம். மத்திய அரசு 2016ல திடக்கழிவு மேலாண்மை விதிகள் கொண்டு வந்து, ஒவ்வொரு ஊரும் துணை விதி போடணும்னு சொன்னாங்க. சென்னை 2019ல போட்டுச்சு, மக்குற குப்பை மக்காத குப்பை பிரிச்சுக் குடுக்கணும், பொது இடத்துல கொட்டினா அபராதம், எரிச்சா அபராதம், வீட்டுக்கு கடைக்கு ஹோட்டலுக்குன்னு தனித்தனியா சேவைக் கட்டணம், எல்லாம் அதுல இருக்கு. வரைவு எழுதணும், மன்றம் ஏத்துக்கணும், ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு போடணும், அரசு ஒப்புதல், அப்புறம் அரசிதழ்ல வெளியீடு, இதான் வழக்கமான பாதை. (2019ல சென்னையில தேர்ந்தெடுத்த மன்றமே இல்ல, அரசு நியமிச்ச தனி அலுவலர்தான், அதைப் பத்தி கடைசில வர்றேன்.)

இப்ப வேடிக்கைய பாருங்க. 2020 டிசம்பர்ல, வர்ற ஜனவரி 1ல இருந்து குப்பைக் கட்டணம் வசூலிக்கப் போறோம்னு அறிவிச்சாங்க, வீட்டுக்கு பத்து ரூபால இருந்து நூறு ரூபா வரைக்கும். ஊரே கொதிச்சுச்சு, எலெக்‌ஷன் வேற வர்ற நேரம், உடனே நிறுத்தி வச்சாங்க. ஆனா அந்தக் கட்டணத்தை எழுதின துணை விதி எத்தனையோ மாசமா எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியில கிடந்துச்சு, அப்ப ஒருத்தரும் வாயத் திறக்கல, நானும்தான்.

மாடு விஷயம் இன்னும் நேரா இருக்கும். 2023 ஆகஸ்ட்ல அரும்பாக்கத்துல ஸ்கூல் விட்டு வந்த சின்னப் பொண்ணை மாடு முட்டித் தூக்கிப் போட்ட சிசிடிவி வீடியோ வந்துச்சு, நாம எல்லாரும் பாத்தோம். அதுக்கப்புறம் ரோட்டுல விடுற மாட்டுக்கு அபராதம் 5,000 ஆச்சு, 2024ல மன்றத் தீர்மானத்துல முதல் தடவை 10,000, மறுபடி பிடிபட்டா 15,000ன்னு ஏத்துனாங்க. அபராதத் தொகைய ஏத்துறதுக்கு ஒரு தீர்மானம் போதும், ஒரே நாள் வேலை. ஆனா மாட்டைக் கட்ட இடம் வேணும்னு மாட்டுக்காரர் கேக்குறாரே, கொட்டகை கட்ட நிலம், டெண்டர், ஆளு வேணும், அதுக்கு வருஷக்கணக்காகும். மன்றத்துக்குக் கை எங்க சுலபமா எட்டுதோ அங்கதான் முதல்ல எட்டும்.

சொத்து வரிய ஏத்தினது மாநகராட்சியா, அரசா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கை காட்டுறாங்க.

ரெண்டு பேரும்தான், கூடவே டெல்லியும். 15வது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைஞ்சபட்ச விகிதம் அறிவிச்சாத்தான் நகரங்களுக்கு மானியம்னு நிபந்தனை வச்சுது. மாநில அரசு 2022 ஏப்ரல் 1ம் தேதி உயர்வை அறிவிச்சாங்க. சென்னையோட பழைய பகுதில 600 சதுர அடிக்குக் குறைஞ்ச வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல போனா 150 சதவீதம். 2011ல சேத்த பகுதிக்கும் மத்த ஊருக்கும் அதை விடக் கம்மி, 25ல ஆரம்பம். அதுக்கப்புறம் ஒவ்வொரு மன்றமும் தீர்மானம் போட்டு, மக்கள்கிட்ட ஆட்சேபணை கேட்டு, திரும்ப மன்றத்துல வச்சு முடிச்சாங்க. சென்னையில அதுக்கு முன்னாடி பொதுவா வரிய திருத்துனது 1998ல, அதனால ஒரே அடியா விழுந்த மாதிரி வலிச்சுது. 2024ல மறுபடி 6 சதவீதம் ஏத்துனாங்க.

கேக்காமலே ஒரு டிப்ஸ்: அரையாண்டு வரிய முதல் மாசத்துலயே, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும், கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா.

ஆட்சேபணை எழுதினா யாராவது படிப்பாங்களா சார், இல்ல குப்பைக்குதான் போகுமா?

இதான் நான் மேல சொன்ன வாசல். சட்டத்துல பல இடத்துல "பொதுமக்களிடம் ஆட்சேபணை மற்றும் ஆலோசனை கோரப்படுகிறது"ன்னு ஒரு காலம் வச்சிருக்காங்க. வரி உயர்வு, துணை விதி, மாஸ்டர் பிளான் (ஊர்ல எந்த இடத்துல எது வரலாம்னு போடுற திட்டம்), நிலப்பயன் மாற்றம், எல்லாத்துக்கும் உண்டு. அந்த அறிவிப்பு பேப்பர்ல ஒரு மூலையில, பொடி எழுத்துல, காலமானார் விளம்பரத்துக்குப் பக்கத்துல வரும். அந்த நாளுக்குள்ள எழுத்துல குடுத்தா அது ஃபைல்ல ஏறணும், ஏறினதுக்கு பதில் எழுதணும், எழுதலைன்னா நாளைக்கு கோர்ட்ல அதுவே உங்களுக்குப் பிடி. நாள் தாண்டினா வெறும் மனுதான்.

எங்க ஏரியாவுல நடந்ததை சொல்றேன். குடியிருப்புன்னு இருந்த ஒரு இடத்தை வணிகமா மாத்தி கல்யாண மண்டபம் கட்டப் போறதா பேப்பர்ல அறிவிப்பு. சங்கத்துல நாங்க என்ன பண்ணோம், ஒரு லெட்டர் டைப் அடிச்சு, ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடா கையெழுத்து வாங்கி, கிட்டத்தட்ட இருநூறு காப்பி குடுத்தோம். பெருமையா இருந்துச்சு. அதே நேரம் எங்க தெரு கடைசி வீட்டு டீச்சரம்மா, ரிட்டயர்டு, அவங்க மட்டும் தனியா ஒரு லெட்டர் கையால எழுதினாங்க. எழுதறதுக்கு முன்னாடி தையல் டேப்பை எடுத்துக்கிட்டு பேத்திய மறுமுனைய பிடிக்கச் சொல்லி தெருவ மூணு இடத்துல அளந்தாங்க, ஒரு இடத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதால போக மிச்சம் எவ்வளவுன்னு தனியா எழுதினாங்க, காலைல எட்டுல இருந்து ஒம்பதுக்குள்ள எத்தனை ஸ்கூல் வேன் போகுதுன்னு வாசல்ல உக்காந்து ஒரு வாரம் கோடு போட்டு எண்ணினாங்க, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு படம்.

விசாரணைக்குக் கூப்பிட்டப்போ அதிகாரி எங்க கட்டைப் புரட்டிட்டு "இது எல்லாம் ஒண்ணுதானே"ன்னு ஓரமா வச்சார். அம்மாவோட லெட்டரை வச்சுக்கிட்டுத்தான் எதிர்க்கட்சிக்காரரை, அதாவது மண்டபம் கட்டுறவரை, கேள்வி கேட்டார். மண்டபம் நிக்கல, வந்துடுச்சு, ஆனா வாசல் எங்க தெருவுல இல்லாம மெயின் ரோடு பக்கம் போச்சு, வண்டி நிறுத்துறது உள்ளயேன்னு ஆச்சு. இருநூறு கையெழுத்தை விட ஒரு தையல் டேப் பேசுச்சு. (முகூர்த்த நாள்ல பாட்டுச் சத்தம் இன்னும் வருது, அதை அளக்க டேப் இல்ல.)

எழுதும்போது "நாங்க கடுமையா எதிர்க்கிறோம்"னு ஒரு வரி போதும். மிச்ச இடத்துல சர்வே நம்பர், ரோட்டு அகலம், எந்த விதிய மீறுது, அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம், இது நாலும் வரணும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல தபால் பிரிவுல சீல் போட்டு தேதியோட வாங்கிக்கங்க. சீல் இல்லாத மனு குடுக்காத மனு.

ஏரியா சபைன்னு ஒண்ணு சொல்றாங்களே, கிராம சபை மாதிரியா?

அதே ஐடியாதான், நகரத்துக்கு. 1992ல வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தத்துல வார்டு குழு வரைக்கும் சொல்லிட்டாங்க, தமிழ்நாட்டுல அதுக்கான விதிகள் வந்தது 2022ல, முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1ம் தேதி நடந்துச்சு, முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல கலந்துக்கிட்டார். வார்டை சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சபை, ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கிற எல்லாரும் வரலாம், ஒவ்வொரு ஏரியாவோட பிரதிநிதியும் கவுன்சிலரும் சேந்தது வார்டு குழு.

நான் போனதுல பாதிக் கூட்டத்துக்கு ஆளே இல்ல, ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், டீ, பிஸ்கட், முன் வரிசையில கட்சிக்காரங்க. மக்கள் வராததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல, கூட்டம் எப்பன்னு முதல்நாள் ராத்திரிதான் தெரியுது. ஆனா போங்க. அங்க நீங்க சொல்றது மினிட்ஸ் புக்ல எழுதப்படணும், எழுதுறாங்களான்னு கிட்ட போய் எட்டிப் பாருங்க, தெரு பேர் சரியா இருக்கான்னு பாருங்க, எங்க தெருவ ஒரு தடவை பக்கத்து வார்டு தெருவா எழுதியிருந்தாங்க.

மாஸ்டர் பிளான் மாநகராட்சி போடுறதுதானே? அப்புறம் சிஎம்டிஏ எதுக்கு?

அரசியல் சட்டத்தோட 12வது அட்டவணைல நகராட்சிகளுக்குக் குடுக்கலாம்னு 18 வேலை எழுதியிருக்கு, அதுல முதல் வரியே நகரத் திட்டமிடல். தமிழ்நாட்டுல அது மன்றத்து கைக்கு வரவே இல்லைன்னு சொல்லலாம். 1971ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், அதுக்குக் கீழ சென்னைப் பெருநகருக்கு சிஎம்டிஏ (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மத்த ஊருக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), ரெண்டும் மாநில அரசோடது. குடிதண்ணி சென்னையில மெட்ரோ வாட்டர்கிட்ட, 1978ல இருந்து. ஆக வீட்டு வாசல்ல ரோடு மாநகராட்சி, ரோட்டுக்குக் கீழ குழாய் வேற ஆபீஸ், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் எது கட்டலாம்ங்கிற கலர் மேப் இன்னொரு ஆபீஸ். திட்டு வாங்குறது மட்டும் கவுன்சிலர்.

சென்னைக்கு ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பர்ல வந்துச்சு, 2026 வரைக்கும்னு போட்டது. மூணாவதுக்கான வேலை 2046ஐ கணக்கு வச்சு நடக்குது. திட்டப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு 2022ல விரிஞ்சுது. கோயம்புத்தூரைப் பாத்தா இன்னும் பாவம், அங்க 1994ல வந்த பிளான்தான் முப்பது வருஷமா ஓடுச்சு, புது வரைவை 2024 பிப்ரவரில வெளியிட்டு ஆட்சேபணை கேட்டு, 2025லதான் இறுதியாச்சு. முப்பது வருஷத்துல ஊர் எங்கெங்கயோ போயிடுச்சு, மேப் மட்டும் அங்கேயே நின்னுச்சு.

வரைவு மாஸ்டர் பிளான் வந்தா ரெண்டு மாசத்துக்குக் குறையாம ஆட்சேபணை காலம் உண்டு. அப்ப பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், உங்க சர்வே நம்பரை மேப்ல தேடுங்க. உங்க வீட்டு மேல புது ரோடு கோடு போகுதா, பக்கத்து ஏரி நீலமா இருக்கா இல்ல மஞ்சளா, அதாவது குடியிருப்பா, மாறிடுச்சான்னு பாருங்க. பிளான் இறுதியான பிறகு அந்தக் கலரை மாத்துறது குதிரைக்கொம்பு, நமக்கு மட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் இடமே விடாம கட்றார். கவுன்சிலர்கிட்ட சொல்லவா?

சொல்லலாம், ஆனா அவருக்கு அதிகாரம் இல்ல, சில நேரம் அவரே அந்த வீட்டு பூமி பூஜைக்குப் போயிருப்பார். அளவு எல்லாம் 2019 பிப்ரவரில வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல இருக்கு, தமிழ்நாடு முழுக்க ஒரே புத்தகம். முதல்ல அவர் வாங்கின திட்ட அனுமதி பிளானோட நகலை ஆர்டிஐல, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல, வாங்குங்க, பத்து ரூபா கட்டணம், முப்பது நாள்ல பதில் வரணும். பிளானையும் கட்டடத்தையும் வச்சு பாத்துட்டு எழுத்துல புகார். நோட்டீஸ், வேலைய நிறுத்துறது, சீல் வைக்கிறது எல்லாம் 1971 சட்டத்தோட 56, 57வது பிரிவுல வரும். சீல் வச்சா அவர் அரசுக்கு மேல்முறையீடு போவார், அங்க ஃபைல் தூங்கும், அதுக்குள்ள கிரகப்பிரவேசம் முடிஞ்சு வாடகைக்கும் விட்டுருவார். அதனால அஸ்திவாரம் போடும்போதே போங்க. கூரை போட்ட பிறகு இடிச்சு நான் பாத்தது ரொம்ப அபூர்வம், 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டின விதிமீறலுக்கு வரன்முறைன்னு, அதாவது மீறலை ஏத்துக்கிட்டு சரியாக்கிக்கிறதுன்னு, சட்டத்துலயே தனிப் பிரிவு கொண்டு வந்தாங்கன்னா பாத்துக்கங்க.

நீங்க சின்னதா வீடு கட்டுறவரா இருந்தா ஒரு நல்ல சேதி: 2024 ஜூலைல இருந்து 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் இல்லைன்னா தரையும் முதல் தளமும், இதுக்குள்ள வந்தா சுய சான்றுல ஆன்லைன்லயே உடனடி அனுமதி. வசதிதான், ஆனா நீங்க தப்பா எழுதினா பொறுப்பும் உங்களோடதுதான்.

லேஅவுட்ல பார்க்குன்னு காட்டின இடத்துல இப்ப ஜல்லி கொட்டியிருக்கு.

அதான் ஓஎஸ்ஆர், திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டருக்கு மேல போற இடத்துல பத்து சதவீதம் பொதுவுக்கு விடணும், 10,000க்குள்ளன்னா நிலத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்புல பணம் கட்டலாம், அதுக்கு மேலன்னா நிலமாத்தான் தானப் பத்திரம் போட்டுக் குடுக்கணும். எங்களுக்கும் இது நடந்துச்சு, பார்க் இடத்துல ஒரு பில்டரோட சிமெண்ட் ஷெட் ரெண்டு வருஷம் நின்னுச்சு, கேட்டா "எங்க இடம்தான்"னாங்க. லேஅவுட் அப்ரூவல் நகலும் தானப் பத்திர நகலும் கையில வந்த அன்னிக்கு சத்தம் எல்லாம் அடங்கிடுச்சு, ரெண்டு மாசத்துல வேலி. அந்த வேலில வேப்பங்கன்னு நட்டு இப்ப நிழல் தருது.

ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குப் போகுது, இதுக்கு விதி இல்லையா?

இருக்கு. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், வீட்டு மட்டத்தை விட ரோடு உயரக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். ஆனா சுரண்டுற மிஷின் பெரிய ரோட்டுக்கு வர்ற மாதிரி சந்துக்கு வராது. வேலை ஆரம்பிக்கிற ராத்திரி நீங்க வாசல்ல நின்னாத்தான் உண்டு. நான் எங்க வீட்டுப் படில சாக்பீஸ்ல கோடு போட்டு தேதி எழுதி போட்டோ எடுத்து வச்சேன், முதல் படி அதுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள போயிருந்துச்சு, இப்ப மீதி ரெண்டு பத்திரமா இருக்கு.

கவுன்சிலருக்கு சம்பளம் உண்டா? வார்டு நிதி எவ்வளவு?

2023 ஜூலைல இருந்து மதிப்பூதியம், மாநகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 10,000, மேயருக்கு 30,000. சென்னையில வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 பட்ஜெட்ல 60 லட்சம்னு ஆக்குனாங்க. பட்ஜெட் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி போய்க் கேளுங்க, பட்ஜெட்டுக்குப் பிறகு போனா அடுத்த வருஷம்பாங்க.

தள்ளுவண்டிக் கடைய மாநகராட்சி எடுக்கச் சொல்லலாமா?

நெனச்ச மாத்திரத்துல முடியாது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுக்கணும், நகர விற்பனைக் குழு அமைக்கணும், அதுல நாப்பது சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆளுங்க. கணக்கெடுத்து முடிக்காம யாரையும் அப்புறப்படுத்தக்கூடாதுன்னும் இருக்கு. எனக்குத் தனிப்பட்ட முறையில, சாயங்காலம் இட்லிக்கடை அக்கா இருக்கிற முனையிலதான் எங்க தெருவுல லைட் எரியுது, அவங்க பேட்டரி லைட்.

மன்றமே இல்லாம ஊர் நடந்துச்சாமே?

ஆமா, 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும், அஞ்சு வருஷத்துக்கு மேல. தனி அலுவலர் ஒருத்தர் கையெழுத்துதான் மன்றத் தீர்மானம். குப்பைத் துணை விதி, கட்டட விதி எல்லாம் அந்தக் காலத்துல வந்ததுதான். அப்ப சிலர் "கவுன்சிலர் இல்லாம நிம்மதியா இருக்கு, கமிஷன் கேக்க ஆள் இல்ல"ன்னாங்க. எனக்கு அப்படித் தோணல, ராத்திரி பதினோரு மணிக்கு தண்ணி உள்ள வரும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னே தெரியாம நின்னிருக்கேன்.

தீர்மானத்தோட நகல் எங்க கிடைக்கும்?

சென்னைன்னா மாநகராட்சி வெப்சைட்ல போடுறாங்க, தேடணும். மத்த ஊர்ல மன்றப் பிரிவுன்னு ஒரு செக்‌ஷன் இருக்கும், அங்க போங்க, இல்லைன்னா ஆர்டிஐ. கேக்கும்போது "அந்த ரோடு பத்தின தீர்மானம்"னு கேட்டா இல்லைம்பாங்க, கூட்டம் நடந்த தேதியும் பொருள் எண்ணும் எழுதிக் கேளுங்க. மதியம் மூணு மணிக்கு மேல போங்க, காலைல அந்த செக்‌ஷன்ல ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், அவரும் தபால் பிரிச்சுக்கிட்டு இருப்பார்.